சுவருக்குத் தனிக் கடிகாரம்

அளவுக்காரம்மா என்று சொன்னால்தான் அவரை ஊரில் யாருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதுவும் பாதி மாதங்களில் எழுத்துப் பிழையோடு. வயது ஐம்பது. கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், அவர் பார்க்கிற பார்வையிலேயே திறந்த வாய் மூடிக்கொள்ளும். கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் தம்பியோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். தம்பிக்கும் கல்யாணம் ஆகவில்லை; அவன் அதற்குத் தன் ஆராய்ச்சியைக் காரணம் சொல்லுவான்.

ஊர் சரிவில் இருந்தது. மேலே சாலை, கீழே கட்டடங்கள், நடுவில் மண்ணைத் தாங்கிப் பிடிக்கிற கருங்கல் சுவர்கள் இரண்டு. கடைத்தெருவுக்கு மேலே இருந்தது சந்தைச் சுவர். தொடக்கப் பள்ளிக்கு மேலே இருந்தது பள்ளிச் சுவர். இரண்டிலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரிசல் ஓடியது. அந்த விரிசல்கள் அகலமாகின்றனவா என்று புதன்கிழமைதோறும் அளந்து பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. இதற்கெல்லாமா ஒரு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களை அவர் ஒரு நாள் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய் முழு வெயிலில் நிற்க வைத்து அளந்து காட்டுவார். இரண்டாம் தடவை யாரும் கேட்பதில்லை.

விரிசலின் இந்தப் பக்கம் ஒரு பித்தளைக் குமிழ், அந்தப் பக்கம் ஒன்று. பதிக்கும்போது நடுவில் சரியாக நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகருவியின் இரண்டு கால்களையும் குமிழ்களின் குழியில் ஊன்றி, முள் ஆடி அடங்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்று தடவை அளப்பார். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் எழுதுவார். சுவரின் தலையில் வைத்திருந்த மழைமானியைப் பார்த்து அந்த வாரத்து மழையையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு புதன்கிழமை தவறியதில்லை. காய்ச்சலோடு போனதுண்டு. அம்மாவை எடுத்த மறுநாள் போனதுண்டு. "என் நோட்டுல ஒரு தப்பைக் காட்டு, அன்னிக்கே வேலையை விட்டுடறேன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சவால். காட்டியவர் யாரும் இல்லை.

அலுவலகக் கையேட்டில் ஒரு விதி இருந்தது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அது சுவர் நகர்ந்ததல்ல, குமிழ் இடிபட்டது என்று கொள்ள வேண்டும். ஆடு உரசியிருக்கும், விளையாட்டுப் பிள்ளைகள் கல்லால் தட்டியிருப்பார்கள். அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு விரிசலைப் பூசி, ஒரு சாண் கீழே புதுக் குமிழ்களைப் பதித்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் 'குமிழ் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு தடவையும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சந்தைச் சுவர் விழுந்தது. சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மழை பிடித்துக்கொண்டதால் கடைத்தெரு காலியாக இருந்தது. சுவரடியில் சின்ன மேஜை போட்டுச் சாவி செய்துகொண்டிருந்தவர் மட்டும் தலைக்கு மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எடுக்க இரண்டு நாள் ஆனது.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். சந்தைச் சுவரின் விரிசல் வருஷத்துக்குக் கால் மில்லிமீட்டர் கூட நகரவில்லை. முன்கூட்டி அறியும்படி எந்த அறிகுறியும் இல்லை என்று எழுதி முடித்தார்கள். பதிவேடு இவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு அளவுக்காரம்மாவை ஒரு வரியில் பாராட்டவும் செய்தார்கள். அவர் அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டார்.

சாவிக்காரரின் மனைவிக்குப் பள்ளியில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கூட்டிப் பெருக்க வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும். பிள்ளைகள் வாயில் அவள் மணிக்காரி ஆனாள். மணி தொங்கியதும் அவள் உட்காரும் மரப்பெட்டி கிடந்ததும் பள்ளிச் சுவரின் அடியில்தான். புதன்கிழமை அளந்து முடித்ததும் அளவுக்காரம்மா அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அவர்களுக்குள் எப்படியோ ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

"யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு அதிகாரிங்களே சொல்லிட்டாங்கக்கா" என்று மணிக்காரி அடிக்கடி சொல்லுவாள். "உங்க நோட்டுலயே ஒன்னும் இல்லைன்னா வேற எவனுக்குத் தெரியும்? அதை நினைச்சுத்தான் நான் மனசைத் தேத்திக்கிறேன். யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல."

அளவுக்காரம்மா தன் டப்பாவிலிருந்து ஒரு பங்கை அவள் டப்பாவில் வைப்பார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

தம்பி தன் ஆராய்ச்சிக்கு நீண்ட காலக் கணக்கு ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். தாறுமாறாக நகருகிற ஒன்றை வருஷக்கணக்கில் விடாமல் அளந்திருக்க வேண்டுமாம். "எங்கேயோ தேடுறியே, வீட்டுலயே இருக்கேடா" என்று அளவுக்காரம்மா பெருமையாகப் பள்ளிச் சுவரின் பதிவேட்டுப் படிகளைத் தூக்கிக் கொடுத்தார். அவன் இரண்டு வாரம் மாடியறையை விட்டு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களோடு வந்து அடுக்களை வாசலில் நின்றான்.

"அக்கா, இந்தச் சுவர் நம்ம காலண்டரைப் பாக்கறதே இல்ல. அதுக்குத் தனிக் கடிகாரம் இருக்கு."

"எங்க மாட்டியிருக்கு? நான் பாத்ததில்லையே."

"கேலி பண்ணாதே. வாரத்தை வெச்சு வரைஞ்சா ஒன்னும் பிடிபடலை. நீ பக்கத்துக் கட்டத்துல எழுதினியே மழை, அதைக் கடிகாரமா வெச்சு வரைஞ்சேன். பளிச்சுனு தெரியுது. மழை பெஞ்சா அதுக்கு நேரம் ஓடும், பெய்யலைன்னா நிக்கும். வெயில் காலத்துல மூணு மாசம் போனாலும் சுவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி கொட்டித் தீத்தா அதுக்கு ஒரு வருஷம் ஓடிப்போயிருக்கும். அந்தக் கடிகாரம் எப்ப ஓடும் எப்ப நிக்கும்னும் யாராலயும் சொல்ல முடியாது."

"மழை பெஞ்சா மண்ணு ஊறும்னு கண்டுபிடிக்கத்தான் சோறு தண்ணி இல்லாம ரெண்டு வாரம் உக்காந்திருந்தியா?"

"அது பாதிதான்க்கா. மீதியைக் கேளு. இந்த மாதிரி நகருறதுல நூத்துக்குத் தொண்ணூறு சின்னச் சின்ன அடியா இருக்கும். எப்பவோ ஒரு தடவை பெரிய பாய்ச்சல் ஒன்னு வரும். அந்த ஒன்னு ரெண்டு பாய்ச்சல்தான் மொத்தத்தையும் தீர்மானிக்கும். கனத்த வால்னு எங்க பாடத்துல சொல்லுவோம். அங்க போய் சராசரி போட்டா, அந்த சராசரியை நம்பவே கூடாது. ஆனா உன் நோட்டுல வாலையே காணோம். யாரோ கத்திரி வெச்சு வெட்டின மாதிரி சுத்தமா இருக்கு."

"சுவருக்கு வால் வேற முளைக்கணுமா?" என்றார் அவர். ஆனால் சுத்தம் என்ற வார்த்தையை அவன் சொன்ன தொனி பிடிக்கவில்லை.

"ஏழு இடத்துல 'குமிழ் மாற்றப்பட்டது'ன்னு இருக்கே, அது என்ன?"

அவர் விதியைச் சொன்னார். ஆடு உரசுவதைச் சொன்னார். தம்பி தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏழு தடவையும் பெருமழை பெஞ்ச வாரம்க்கா. கொட்டுற மழையில எந்த ஆடு வந்து சுவத்துல உரசும்?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் தம்பியோடு பேச்சே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது எவ்வளவு சத்தமான காரியம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பாத்திரங்கள் எல்லாம் ணங் ணங்கென்று பேசின. கோபம் தம்பி மேல் அல்ல என்பதை நாலாவது நாள் அவரே ஒப்புக்கொண்டார். ஆடு மழைக்கு எங்கே ஒதுங்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாகச் சிவப்பு மையை எடுத்தபோதெல்லாம் தான் ஏன் அதை யோசிக்கவில்லை என்பதுதான் அவரைத் தின்றது.

அந்த வெள்ளிக்கிழமை உளியும் அளவுகருவியும் எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவருக்குப் போனார். பழைய குமிழ்களைப் பிடுங்கிய இடத்தில் துளைகளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தார்கள். அந்த வட்டங்கள் இன்னும் தெரிந்தன. ஜோடி ஜோடியாக ஏழு, ஒன்றின் கீழ் ஒன்று. ஏணியில் ஏறி எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் ஜோடியைச் சுரண்டினார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவர் கண் முன்னால் நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் பதித்தது. அளந்தார். நூற்று முப்பத்தொன்று. மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் அதே நூற்று முப்பத்தொன்று.

பதிவேட்டின்படி அந்தச் சுவர் இருபத்தாறு வருஷத்தில் நகர்ந்தது எட்டு மில்லிமீட்டர். மீதி இருபத்து மூன்றையும் அவர் தன் கையால் அடித்துவிட்டிருந்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த ஏழு எண்களையும் கூட்டிப் பார்த்தார். இருபத்து மூன்று, சரியாக வந்தது. அதில் ஒன்று மட்டுமே ஒன்பது. நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. ஆட்டுக்காரனைத் தேடிப் போய்த் திட்டிவிட்டு வந்திருந்தார். கீழே பள்ளியில் நூற்று நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணிக்காரி மேலே பார்த்து, "என்னக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல?" என்று சிரித்தாள்.

அலுவலகத்துக்குப் போய்ச் சந்தைச் சுவரின் பழைய பதிவேட்டை எடுத்தார். சுவர் விழுவதற்குப் பதினேழு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை. நாலு மில்லிமீட்டர். மேலே சிவப்புக் கோடு. 'குமிழ் மாற்றப்பட்டது.' கீழே அவருடைய கையெழுத்து, ஒரு சுழி கூடப் பிசகாமல். விசாரணை அதிகாரிகள் இந்தப் பக்கத்தையும் புரட்டித்தான் போனார்கள். அவர்களுக்கும் அதே விதிதான் மனப்பாடம்.

அவர் போய்ப் பார்த்த அலுவலகப் பொறியாளர் கெட்டவர் அல்ல. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளிச் சுவரின் துளைகளைப் பற்றிச் சொன்னபோது கவனமாகக் கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா மேல எழுதினா அவங்க என்ன கேப்பாங்க? இருபத்தாறு வருஷமா இந்தப் பாய்ச்சலோடதான் சுவர் நிக்குது, இன்னும் நிக்கட்டுமேன்னுதான் கேப்பாங்க. ஒரு பள்ளிக்கூடத்தையே காலி பண்ணணும்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். இப்படித் தள்ளுபடி பண்ணின அளவுக்குப் பின்னாடி எங்கேயாவது ஒரு சுவர் நெஜமாவே விழுந்திருந்தா சொல்லுங்க, நாளைக்கே காலி பண்ண வெக்கறேன்."

அவருக்கு ஒரு சுவர் தெரியும். வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவர், "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் பயந்தார். வேலைக்குப் பயப்படவில்லை. பதிவேடு பொய் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதும் கசந்தது, ஆனால் அதையும் விழுங்கிவிடுவார். மணிக்காரிக்கு இருந்தது ஒரே ஒரு பிடிமானம். யாருக்கும் தெரியாது என்பது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைத்தான் பிடுங்க வேண்டும். பெருமழைக்கு இரண்டு மாதம் இருந்தது. சுவரின் கடிகாரம் இப்போது நின்றிருக்கிறது என்று ஒரு வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை டப்பாவைத் திறந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. மணிக்காரி தன் டப்பாவிலிருந்து எடுத்து அவர் டப்பாவில் வைத்து, "ஒடம்பைப் பாத்துக்கங்கக்கா" என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு திரும்பி வந்தார். மணிக்காரி துடைப்பத்தோடு தாழ்வாரத்தில் நின்றாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. விதியைச் சொன்னார், சிவப்பு மையைச் சொன்னார், துளைகளைச் சொன்னார். நாலு மில்லிமீட்டரைச் சொன்னார்.

மணிக்காரி துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை நாள் முன்னாடி?"

"பதினேழு நாள்."

"அப்ப சொல்லியிருந்தா அங்க யாரையும் உக்கார விட்டிருக்க மாட்டாங்க, இல்ல?"

"விட்டிருக்க மாட்டாங்க."

"அந்தப் பதினேழு நாள்ல கடைசி ரெண்டு நாள் அவர் காய்ச்சல்னு படுத்திருந்தார். சனிக்கிழமையும் எந்திரிக்கலை. நான்தான் திட்டி எழுப்பி அனுப்பினேன். மழை தலைக்கு மேல ஒழுகுதுன்னார். தார்ப்பாயைக் கட்டிக்கங்கன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒன்பது வருஷமா அதை நான் என் தலையில போட்டுக்கலை. யாருக்கும் தெரியாத விஷயம், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்னு இருந்தேன்."

"உன் தப்பு இல்ல அது. என் தப்பு. நான்…"

"எழுதிக் குடுங்க" என்றாள் மணிக்காரி. "பிள்ளைங்க இருக்காங்க. எழுதிக் குடுத்துட்டு வேற எங்கேயாவது உக்காந்து சாப்பிடுங்க. இங்க வராதீங்க."

மறுநாள் கடிதம் போனது. 'நான் கையெழுத்திட்ட பதிவேடுகள் உண்மையைக் காட்டவில்லை' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். பொறியாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழை தொடங்குவதற்குள் பள்ளியை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கிடங்குக்கு மாற்றினார்கள். கையேட்டில் அந்த விதியைத் திருத்த ஒரு குழுவும் போட்டார்கள். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அளவுக்காரம்மாவிடம் விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. பீரோவிலிருந்து அந்தப் பாராட்டுத் தாளை எடுத்து அவர் தன் பதிலோடு சேர்த்து அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் மழை வந்து போனது. சுவர் கல்லுப்பிள்ளையாராட்டம் நின்றது. ஊர் சும்மா இருக்குமா? கிடங்கில் வெளிச்சம் இல்லை, பிள்ளைகள் ஒரு மைல் கூடுதலாக நடக்கிறார்கள், எல்லாம் ஒரு அம்மாளுக்குப் புத்தி பிசகியதால் வந்த வினை என்று பேசினார்கள். பள்ளியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இருநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர் தம்பியிடம் கேட்டார்.

"எப்படா விழும்?"

"தெரியாதுக்கா. நாளைக்கும் விழலாம், நாப்பது வருஷம் நிக்கவும் நிக்கலாம். இதுல இவ்வளவு நாள் பொறுத்தாச்சே, இனி சீக்கிரம் வரும்னு சொல்ல முடியாது. அதான் இதோட குணம்."

"இதைப் படிக்கவா உனக்கு இத்தனை வருஷம்?" என்றார் அவர். கிண்டலாகச் சொல்ல நினைத்தது கிண்டலாக வரவில்லை. விழ வேண்டும் என்று ஆசைப்படவும் முடியவில்லை, விழாமல் இருந்தால் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வருஷம் முழுவதும் அவர் அப்படித்தான் கழித்தார். புதன்கிழமைகளில் தனியாக அளந்தார். அளவு பெரிதானாலும் சிறிதானாலும் நீல மையிலேயே எழுதினார்.

அடுத்த வருஷத்து மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பள்ளிச் சுவர் விழுந்தது. முந்தின வாரம் அரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது. நாலு வகுப்பறைகளும் தாழ்வாரமும் மண்ணுக்குள் போயின. உள்ளே யாரும் இல்லை. ஊர் முழுக்க அங்கே கூடியது. கையெழுத்துப் போட்ட இருநூறு பேரும் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அளவுக்காரம்மாவைத் தேடி வந்து கும்பிட்டவர்களும் உண்டு. அவர் கதவைத் திறக்கவில்லை. தம்பிதான் வாசலில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினான்.

சாயங்காலம் மணிக்காரி வந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. தம்பி வழி விட்டான். அவள் உட்காரவில்லை. புடவை முழுக்க சேறு.

"பாத்துட்டு வரேன்" என்றாள். "நான் மணி அடிக்கிற இடத்துல ஆள் உயரத்துக்குக் கல்லு கிடக்கு. பத்தரைக்குத்தான் இடைவேளை மணி. நான் அங்கதான் நின்னிருப்பேன்."

அளவுக்காரம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"கிடங்குக்குப் போய்ப் பிள்ளைங்களை ஒன்னொன்னாத் தொட்டு எண்ணினேன். நூத்தி நாப்பதும் இருக்கு. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு அங்கேருந்து நடந்து வந்தேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்." அவள் நிறுத்தினாள். "வாய் வர மாட்டேங்குதுக்கா."

"வேண்டாம்" என்றார் அளவுக்காரம்மா. "சொல்லாதே."

மணிக்காரி தலையை ஆட்டினாள். சேற்றுக் காலோடு படியிறங்கிப் போனாள். அளவுக்காரம்மா அப்போதுதான் அழுதார், தம்பி பக்கத்தில் இருப்பதையும் பாராமல், வாய்விட்டு.